நெல்லும் பணப்பயிர்தான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெல் உணவுப் பயிர், கரும்பும் பருத்தியும் பணப்பயிர் என்று படித்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் நெல்லை விற்கத்தானே செய்கிறார்கள்?
(மாணவி, திருவாரூர்)

நீங்கள் பார்ப்பதுதான் உண்மை. களத்திலிருந்து பயிர் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. குதிருக்குப் போனால் அது உணவுப் பயிர், கொள்முதல் நிலையத்துக்குப் போனால் பணப்பயிர். டெல்டாவில் நெல்லை மொத்தமாக விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிடும் விவசாயக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. மானாவாரி நிலத்தில் வீட்டுக்கென்று கம்பு விதைப்பவரிடம்தான் பழைய பொருளில் உணவுப் பயிர் இருக்கிறது.

கடைமடைக்காரன் நான். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர ஜூலை கடைசி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு குறுவை போடலாமா?
(விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்)

வேண்டாம். குறுவையில் போடும் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால நெல் ரகத்துக்கே 110 நாள் வேண்டும். ஜூலை கடைசியில் விதைவிட்டால் அறுப்பு நவம்பர் நடுவில் வரும், அதாவது வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரத்தில். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் நனைந்த நெல் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு தருகிறது, சரி. ஆனால் ஆய்வுக் குழு வந்து பார்த்து, உத்தரவு கைக்கு வருவதற்குள் குவியலிலேயே நெல் முளைத்துவிடும். சாலையோரம் தார்ப்பாய் போட்டு, இரவெல்லாம் விழித்து நெல்லைக் காவல் காப்பவர்களைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு போகமாக, நீண்ட கால நெல்லான சம்பா போடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் நிலம் என்றால் சி.ஆர். 1009 சப்-1 ரகம் பாருங்கள். 155 நாள் பயிர். வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கினாலும் மீண்டு வரும். பொங்கலை ஒட்டி, வெயில் பார்த்து அறுக்கலாம்.

சம்பாவுக்குப் பின் உளுந்து தெளித்தால் முளைப்பு சரியில்லை. ஏன்?
(விவசாயி, மன்னார்குடி)

பெரும்பாலும் பதம் தவறியிருக்கும். நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. இயந்திர அறுவடை என்றால் அத்தனை நாள் முன்பே தெளிக்காதீர்கள், முளைத்த செடியைச் சக்கரம் நசுக்கிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பு போதும். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. பூக்கும்போது ஒருமுறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளியுங்கள். 4 கிலோவை முதல் நாளே ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டராக்கினால் ஓர் ஏக்கருக்குச் சரியாக இருக்கும். பாசனமே இல்லாமல், பனியையும் மிச்ச ஈரத்தையும் வைத்தே விளைந்து, மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும் பயிர் அது. அதை விட்டுவிடாதீர்கள்.

கரும்பு வெட்டி அனுப்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆலை பணம் தரவில்லை. வட்டி கேட்க முடியுமா?
(விவசாயி, விழுப்புரம் மாவட்டம்)

முடியும். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. எடைச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள்.

விலையையும் சரிபாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்தது டன்னுக்கு 3,550 ரூபாய். அது சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 10.25 சதவீதம் உள்ள கரும்புக்கு. 9.5-க்குக் கீழே போனாலும் 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறைக்கக் கூடாது.

நிலக்கடலையில் பாதி பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. ஏன்?
(விவசாயி, திருவண்ணாமலை)

சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுக்கிறது. அதனால் 40 முதல் 45-ஆம் நாள், மண் அணைக்கும்போது, செடியடியில் ஜிப்சம் போடுங்கள். ஏக்கருக்கு 160 கிலோ.