‘என்னைய எதுக்குப் படைச்சாரு?’ - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு 27 வயசு, ஊரு தங்கச்சிமடம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருசம் வெளிநாட்டுல இருந்தேன், காண்ட்ராக்ட் முடிஞ்சு வந்துட்டேன், இப்ப சித்தப்பாவோட விசைப்படகுல எஞ்சின் பாக்குறேன், மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால அதுவும் இல்ல. கூடப் படிச்சவன் ஒருத்தன் சாமியாருக்குப் படிக்க செமினரில, இன்னொருத்தன் கனடால. ‘உங்களுக்கு நான் வச்சிருக்குற திட்டம் எனக்குத் தெரியும், அது நல்லதுக்குத்தான்’னு ஆண்டவர் சொல்ற எரேமியா 29:11-அ ஸ்டேட்டஸா வச்சு மூணு வருசமாச்சு, ஆண்டவர் எனக்கு வச்சிருக்குற திட்டம் என்னன்னு எப்பத்தான் சொல்வாரு?

பதில்: தம்பி, அந்த ஸ்டேட்டஸுக்கு மேல உள்ள வசனங்களையும் ஒரு தடவை வாசிச்சுப் பாரு. பாபிலோனுக்கு கைதியாப் போன சனங்களுக்கு எரேமியா எழுதின கடுதாசி அது. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர், ரெண்டே வருசத்துல எல்லாம் சரியாயிரும்னு சொல்லி கைதட்டு வாங்கிட்டுப் போறாரு. எரேமியா சொன்னது 70 வருசம்! அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதுல விளையுறதச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்குற ஊரு நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்கன்னு எழுதுறாரு, இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம்தான் உன் 11-ஆம் வசனம் வருது. அதுவும் ‘உனக்கு’ன்னு இல்ல, ‘உங்களுக்கு’ன்னு.

நானும் 25 வயசுல ஒரு ஜெபக்கூட்டத்துல கையத் தூக்கி, ஆண்டவரே ஒரு அடையாளம் காட்டும்னு அழுதவன்தான். ஒண்ணும் வரல. வீட்டுக்கு வந்தா தெருவுல தண்ணி லாரி நிக்குது, அம்மா கடல்பாசி எடுக்கப் போயிட்டாங்க, வாசல்ல எட்டுக் குடம் காலியா கெடக்கு. முணுமுணுத்துக்கிட்டே தூக்கினேன்.

உனக்கு ரொம்பப் பொருந்துறது யோவான் 21-ஆம் அதிகாரம். உயிர்த்த ஆண்டவரப் பாத்ததுக்கு அப்புறமும் பேதுரு, நான் மீன் பிடிக்கப் போறேன்னு கெளம்பிட்டாரு, கூட ஆறு பேரு, ராத்திரி பூரா ஒரு மீன் கூட படல. விடிஞ்சா இயேசு கரையில கரி நெருப்பு மூட்டி மீனும் ரொட்டியும் வச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஏன்டா திரும்பக் கடலுக்குப் போனேன்னு ஒரு வார்த்த திட்டல, சாப்பிட வாங்கன்னுதான் கூப்பிடுறாரு. (அவரு சொன்ன பக்கம் வலையப் போட்டதும் மாட்டுன பெரிய மீனு 153-னு எண்ணி எழுதி வச்சிருக்கு பாரு, எழுதினவரு நம்ம கரைக்காரரேதான்!) சாப்பிட்டதுக்கப்புறம் பேதுருகிட்ட கேட்டது, என்னைய நேசிக்கிறியா, அது மட்டும்தான். மூணு தடவ கேட்டு மூணு தடவையும், அப்ப என் ஆடுகளப் பாத்துக்கன்னு சொல்றாரு. உடனே பேதுரு திரும்பி யோவானப் பாத்து, இவன் கதை என்னன்னு கேக்குறாரு, அப்படியே உன் செமினரி, கனடா கேள்வி. அது உனக்கெதுக்கு, நீ என் பின்னால வான்னு பதில் வந்துச்சு.

எஞ்சின் பாக்குறத நீ சும்மா வேலைன்னு நெனைக்குற. நடுக்கடல்ல அது நின்னு போனா காத்தும் நீரோட்டமும் படக எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிரும், அதுல எத்தனை வீட்டு ஆம்பளைங்க இருப்பாங்கன்னு உனக்கே தெரியும். சாமியாராப் போறதுதான் அழைப்பு, மத்ததெல்லாம் பொழப்புன்னு நாமளா பிரிச்சு வச்சது தப்பு, பவுலே கூடாரம் செஞ்சு பொழச்சவருதான். ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடை இருக்குல்ல, பக்கத்துப் பையனுங்க ரெண்டு பேருக்கு எஞ்சின் வேல கத்துக்குடு. ஆனா ‘எதுக்கு இருக்கேன்’ங்கிறது உயிரையே வெறுக்குற அளவுக்குப் போச்சுன்னா, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லு, 104 உதவி எண்ணுக்கும் போன் போடு, அது விசுவாசக் குறைச்சல் இல்ல.

கேள்வி: அண்ணே, நான் மண்டபத்துல இருந்து. ஓரியூருக்கு நடந்து போய் வேண்டிக்கிட்டா கடவுள் சித்தம் தெரிஞ்சுருமா?

பதில்: தெரியும்னு சொல்லி உன்னைய ஏமாத்த மாட்டேன் தங்கச்சி. அங்க 1693 பிப்ரவரி 4-ல தலை வெட்டுப்பட்ட புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்காரரு, ஒரு தடவ இங்க பிடிச்சு சித்திரவதை பண்ணி விட்டதுக்கு அப்புறம் போர்ச்சுகல் போனாரு, அங்கேயே சொகமா இருந்திருக்கலாம், திரும்பி நம்ம மறவர் நாட்டுக்கே வந்தாரு. அவருக்குத் தன்ன நம்பின சனங்க இங்க இருக்காங்கன்னு தெரியும். நீயும் நடக்கும்போது உன்னைய நம்பி யாரெல்லாம் இருக்காங்கன்னு யோசிச்சுக்கிட்டே நட. தூரம் சாஸ்தி, விடியக்காலைல கெளம்பு, தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்க, தனியாப் போகாத.