வீட்டுக்குள் இருக்கும் தானியத்தை யார் காப்பது?

கேள்வி: வளரும் நாடுகளில் சிறு விவசாயிகள் பாடுபட்டு விளைவித்த தானியத்தில் கணிசமான பங்கு வண்டுக்கும் பூஞ்சைக்கும் போகிறதாமே. அரசாங்கங்கள் பெரிய கிடங்குகளாகக் கட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. கிடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு மூட்டை மக்காச்சோளம் எடுக்கும் குடும்பம் அதில் பெரும்பங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்ளும், அதைத் தொலைவில் இருக்கிற கிடங்கில் போட்டுவிட்டு வாராவாரம் போய் எடுத்துவர முடியுமா? அந்தத் தானியம் வீட்டுக்குள்தான் இருக்கும். அதனால் தீர்வும் அங்கேதான் வேண்டும்.

வண்டு சேமிக்கிற இடத்தில்தான் வந்து சேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மக்காச்சோளத்திலும் தட்டைப்பயறிலும் அது பெரும்பாலும் வயலிலேயே தொடங்கிவிடுகிறது. முட்டையிலிருந்து வந்த புழு மணிக்குள் மறைந்திருக்கும், மூட்டை கட்டும்போது பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், வெப்பமான ஊர்களில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகி, சில மாதங்களில் பாதி மாவாகிவிடும். ஆப்பிரிக்காவுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பெரிய தானியத் துளைப்பான் வண்டு 1970களின் இறுதிவாக்கில் தான்சானியாவில் நுழைந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, காற்றை நிறுத்துவது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் குழு 1980களின் பிற்பகுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய வேலையிலிருந்து வந்ததுதான் 'பிக்ஸ்' பை. வெளியே சாதாரண பிளாஸ்டிக் சாக்கு, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கனமான பாலித்தீன் உறைகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற பூச்சியே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அப்புறம் அதனால் தின்னவும் முடியாது, பெருகவும் முடியாது, வறண்டு செத்துப்போகும். மருந்தும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எலி ஓட்டை போட்டாலோ, தினமும் அவிழ்த்து அள்ளினாலோ பலன் போய்விடும். அதனால் அன்றாடம் எடுப்பதைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எலித் தொல்லை அதிகமென்றால் தகரக் குதிர். மத்திய அமெரிக்காவில் 1983 முதல் இருபது ஆண்டுகள், சுவிட்சர்லாந்தின் உதவியோடு 'போஸ்ட்கொசேச்சா' திட்டம் இதைப் பரப்பியது. அங்கங்கே இருந்த தகர வேலைக்காரர்களுக்கே செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் அதில் சிறந்த விஷயம். உடைந்தால் சரிசெய்ய ஆள் பக்கத்திலேயே இருப்பார். இந்தக் குதிர் வெயிலில் இருக்கக் கூடாது, பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உட்சுவரில் நீர் கோத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காயவைப்பது. மக்காச்சோளத்தில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. காற்றுப்புகாத பை ஈரத்தை உறிஞ்சாது, உள்ளேயே பூட்டிவைக்கும். 2004இல் கிழக்குக் கென்யாவில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சினால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள், ஈரத்தோடு வீட்டில் வைத்த மக்காச்சோளம் அதற்கு முக்கியக் காரணம். சமைத்தால் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் காய்ந்த உப்பும் தானியமும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் உடனே கட்டிவிடாமல் இன்னும் நன்றாகக் காயவிடுங்கள். பை கொடுக்கிற திட்டங்கள் கூடவே ஒரு தார்ப்பாயும் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன், மண் தரையில் உலர்த்திய தானியம் பூஞ்சையை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு வருகிறது.

கேள்வி: வண்டுக்கு மாத்திரை போட்டால் சுலபம் இல்லையா?

பதில்: வீட்டுக்குள் போடவே போடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வருகிற பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் உட்பட. பயிற்சி பெற்றவர்கள் ஆள் குடியிருக்காத கிடங்கில் செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: எவ்வளவு நன்றாகச் சேமித்தாலும், கடன்காரர் வந்து நின்றால் அறுவடை அன்றே விற்றுத்தானே ஆக வேண்டும்?

பதில்: சரியான கேள்வி. விலை மலிவாக இருக்கும்போது விற்றுவிட்டு, சில மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிற குடும்பங்கள் நிறைய. கிடங்கு உண்மையில் உதவுவது இங்கேதான், அதுவும் ஊருக்குள்ளேயே இருக்கிற சின்னக் கிடங்கு. நைஜர் நாட்டில் 'வாரண்டாஜ்' என்று ஒரு முறை உண்டு. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, விற்பதற்கான தானியத்தை ஊர்க் கிடங்கில் வைத்து அதன்மேல் கடன் வாங்குகிறார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி குழுவிடம், மற்றொன்று கடன் கொடுத்த நிறுவனத்திடம். விலை ஏறியதும் விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.