பைலட் வேலைக்குப் போகும்போது பழைய கேஸ் குறுக்கே வருமா? வக்கீலம்மா பதில்கள்

கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கிறேன். பாஸ்போர்ட், போலீஸ் வெரிஃபிகேஷன் சிக்கல்கள் என்னிடம் நிறைய வரும். பைலட் ஆகப்போகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி, ஒரு தகப்பனார்: வக்கீலம்மா, பங்காளியோட வாய்க்கால் தகராறு. 2021-ல அவங்க கொடுத்த புகார்ல, அன்னைக்கு காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த என் மகன் பேரையும் சேர்த்துட்டாங்க. 294(பி), 323, 506(2). சார்ஜ் ஷீட் போட்டு கேஸ் இன்னும் நடக்குது. மகன் சி.பி.எல். (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிச்சுட்டான். வேலை கிடைக்குமா?

ஐயா, நம்ம பக்கம் தண்ணி முறை, வரப்பு என்று சண்டை வந்தாலே வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லார் பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடுகிறது. நீங்கள் சொல்லும் மூன்று ஐ.பி.சி. பிரிவும் (ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல்) எங்கள் கோர்ட்டில் தினமும் கூப்பிடுகிறவைதான். ஆனால் வேலை கொடுக்கிறவருக்கு வாய்க்கால் கதை தெரியாது. ‘கொலை மிரட்டல், நிலுவை’ என்பது மட்டும்தான் அவர் கண்ணில் படும்.

லைசென்ஸ் தருவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. உங்கள் மகனுக்குச் சிக்கல் அதற்கு அடுத்த படியில். விமான நிலையத்துக்குள் வேலைக்குப் போக பி.சி.ஏ.எஸ். (விமானப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) விதிப்படி ஏ.இ.பி. என்ற நுழைவு பாஸ் வேண்டும். அதற்குப் போலீஸ் மூலம் முன்வரலாற்றைச் சரிபார்ப்பார்கள். கம்பெனியும் தனியாக ஆள் வைத்து, கோர்ட் கேஸ் விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் பெயர் போட்டுத் தேடும். பாஸ்போர்ட்டும் இதில் மாட்டும். 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) படி, கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும். 1993 அறிவிக்கை ஒன்று வழி விடுகிறது: கேஸ் நடக்கும் கோர்ட்டிலேயே மனு போட்டு அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்கும்.

ஹாஸ்டலில் இருந்தான் என்பது நல்ல சாட்சியம்தான். அதை விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். ஹாஸ்டல் ரிஜிஸ்டர், அட்டெண்டன்ஸ் நகல்களை இப்போதே வாங்கி வையுங்கள், காலேஜ்கள் பழைய ரிஜிஸ்டரைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்காது. இன்னொரு வழி, பங்காளியோடு உட்கார்ந்து பேசுவது. சமாதானமானாலும் 294(பி)-யைக் கீழ்க்கோர்ட்டில் ராஜியாக முடிக்க முடியாது. ஐகோர்ட்டில் ரத்து மனு போட வேண்டும், இப்போது அது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-ஆம் பிரிவு. உங்கள் ஊர் திருவாரூர் மாவட்டம், அதனால் சென்னை. பாபநாசத்துக்காரர் ஒருவர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார் என்று நீங்களும் பஸ் ஏறிவிடாதீர்கள், அவர் தஞ்சாவூர் மாவட்டம்.

வரட்டுக் கௌரவம் பார்க்காமல் பங்காளி வீட்டுப் படியேறுங்கள் ஐயா. பிள்ளை பறக்க வேண்டிய வயசு.

திருவையாறு, இளைஞர்: அக்கா, பைபாஸ்ல டிரங்க் அண்ட் டிரைவ்ல பிடிச்சாங்க. கோர்ட்ல பத்தாயிரம் கட்டிட்டேன். ஃபைன் கட்டினா முடிஞ்சதுதானே? ஃபார்ம்ல ‘தண்டனை உண்டா’ன்னு கேட்டா இல்லைன்னு போடலாமா?

போடக் கூடாது தம்பி. மாஜிஸ்டிரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் அதுவும் தண்டனைதான். ஹெல்மெட் போடாததற்கு ஈ-சலானில் கட்டுவது வேறு, அது சமரசத் தொகை, கோர்ட் தீர்ப்பு கிடையாது. நீங்கள் கட்டியது மோட்டார் வாகனச் சட்டம் 185-ன் கீழ்.

பைலட் வேலையில் மது விஷயத்தை ஏன் இவ்வளவு நோண்டுகிறார்கள் என்றால், பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் ஒரு சொட்டும் ஆகாது. மூச்சுப் பரிசோதனையில் மாட்டினால் முதல் முறை 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தம், இரண்டாம் முறை 3 வருஷம், மூன்றாம் முறை லைசென்ஸே ரத்து. ஒரே ஒரு பழைய 185-ஐ உள்ளபடி எழுதி, தீர்ப்பு நகலை இணைத்து, அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்று காட்டினால் பேச இடம் இருக்கிறது. மறைத்துவிட்டுப் பிறகு வெளிவந்தால் பேச ஒன்றுமே இருக்காது. அமெரிக்காவில் டிரெயினிங் போவதாக இருந்தால் இன்னும் கவனம். விசா ஃபார்மில் கைதானதையும் கேட்பார்கள். அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகு இப்படி மாட்டினால் 60 நாளுக்குள் அங்குள்ள விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.-வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கதிராமங்கலம் பக்கம்: ஹைட்ரோகார்பன் போராட்டத்துல உட்கார்ந்ததுக்கு 143, 188 (சட்டவிரோதக் கூட்டம், அரசு உத்தரவை மீறினது) போட்டாங்க. 2021-ல வாபஸ்னு அரசு சொல்லிடுச்சே, இன்னும் எழுதணுமா?

அரசு அறிவித்ததோடு கேஸ் முடிந்துவிடாது. அரசு வக்கீல் கோர்ட்டில் வாபஸ் மனு போட்டு, மாஜிஸ்டிரேட் சம்மதித்து உத்தரவு போட வேண்டும். காப்பி அப்ளிகேஷன் போட்டு அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். உத்தரவே இல்லையென்றால் ரத்து மனு போடலாம்: அமைதியாகப் போராடியவர்கள் மேல் போட்ட 143, 188 கேஸ்களை மதுரைக் கிளை 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் ரத்து செய்திருக்கிறது.

ஃபார்மில் நடந்ததை எழுதுங்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மன்னிக்கத்தக்க சின்ன விஷயத்துக்கு உதாரணமாகச் சொன்னதே இளவயதில் கோஷம் போட்டதைத்தான். அரசு வேலை சம்பந்தமான தீர்ப்புதான் என்றாலும் தனியார் கம்பெனிக்கு விளக்கம் எழுதும்போதும் தாராளமாகச் சுட்டலாம். ஊர் நிலத்துக்காக உட்கார்ந்ததில் தலைகுனிய எதுவும் இல்லை.

மயிலாடுதுறை: பதினாறு வயசுல திருவிழா அடிதடி. சிறார் குழுமத்துல முடிஞ்சுது.

2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவு உங்களுக்குத்தான். அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. முடிந்த உத்தரவின் நகலை மட்டும் வைத்திருங்கள்.

கொள்ளிடக் கரை: அப்பாவோட மாட்டுவண்டியில மணல் ஏத்தினப்போ எனக்கும் கேஸ். 379-னு இருக்கு. சின்ன கேஸ்தானே மேடம்?

இல்லை. இதைச் சின்னது என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை. 379 என்பது திருட்டு. திருட்டு நேர்மை சம்பந்தப்பட்ட குற்றம் என்பதால் சரிபார்ப்பில் அடிதடியைவிடக் கடுமையாகப் பார்ப்பார்கள். ஒரே வாய்தாவில் முடியட்டும் என்று ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடாதீர்கள், அந்தக் கையெழுத்து ஆயுசுக்கும் கூட வரும். கேஸை நடத்துங்கள். அப்போது வயது 18 ஆகவில்லை என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி, ஒரு அம்மா: ஸ்டேஷன் ரெக்கார்டுலேர்ந்து என் மகன் பேரை எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் முப்பதாயிரம் கேக்குறாரு.

கொடுக்காதீங்கம்மா. எஃப்.ஐ.ஆர்., ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற போலீஸ் கம்ப்யூட்டர் அமைப்பில் இருக்கிறது, கோர்ட் விவரம் இ-கோர்ட்ஸில் இருக்கிறது. எந்த புரோக்கராலும் இரண்டையும் அழிக்க முடியாது. உங்கள் மகனுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் தருவது) மட்டும் போட்டு எழுதி வாங்கி அனுப்பியிருந்தால் அது கேஸே இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டு, போலீஸே பிறகு கைவிட்டிருந்தால் அதைச் சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்திருக்கும், அதைத் தேடுங்கள். எது என்று தெரியவில்லையென்றால் ரசீதையோ நோட்டீஸையோ எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு வக்கீலைப் பாருங்கள். முப்பதாயிரமெல்லாம் ஆகாது.