ஹெலிகாப்டரில் வந்தவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்றால், சேவை வீணா?

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்கு விபத்தில் சிக்கியவர்கள் ஹெலிகாப்டரிலும் சாலை ஆம்புலன்ஸிலும் வருகிறார்கள். ஓராண்டுப் பதிவுகளைப் பார்த்ததில் ஹெலிகாப்டரில் வந்தவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருக்கிறது. இச்சேவையால் பயனில்லை என்று நிர்வாகத்துக்கு எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். உயிருக்குப் போராடுபவரைத்தான் பெரும்பாலும் ஹெலிகாப்டரில் ஏற்றுகிறார்கள் என்பதால், இறப்பு விகிதத்தை அப்படியே ஒப்பிட்டால் அதன் பக்கம் எண்ணிக்கை கூடுவது இயல்பே. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை பலத்த காயமடைந்த 2,23,475 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்விலும், ஹெலிகாப்டரில் வந்தவர்களில் 12.6 சதவீதத்தினரும் சாலை வழியே வந்தவர்களில் 11 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். காயத்தின் தீவிரம் முதலியவற்றைச் சமன்செய்து கணக்கிட்டபோது முடிவு தலைகீழானது: முதல்நிலை, அதாவது மிக உயர்ந்த தரநிலையிலுள்ள, விபத்துச் சிகிச்சை மையங்களைப் பொறுத்தவரை, 65 பேரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தால் கூடுதலாக ஓர் உயிர் பிழைக்கும் என்று தெரிந்தது. இதையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வு 38 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டாததால் பொதுவான ஓர் அளவைச் சொல்ல இயலாது என்று நிறுத்திக்கொண்டது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் வயது, காயத் தீவிர மதிப்பெண், சம்பவ இடத்தில் பதிவான இரத்த அழுத்தம், சுயநினைவு நிலை ஆகியவற்றைச் சேகரித்து, ஒத்த நிலையில் இருந்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பறந்த நிமிடங்களை மட்டும் எண்ணினால் ஹெலிகாப்டர் எப்போதும் வெல்லும். அழைப்பு வந்த நொடியிலிருந்து எண்ணுங்கள்: இயந்திரத்தை இயக்கிக் கிளம்பும் நேரம், மின்கம்பி குறுக்கிடாத வெட்டவெளியைத் தேடி இறங்கும் நேரம், அங்கிருந்து காயமுற்றவரிடம் ஸ்ட்ரெச்சரோடு நடக்கும் நேரம், மருத்துவமனை மாடியிலிருந்து லிஃப்டில் அவசரப் பிரிவுக்கு இறக்கும் நேரம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். தூரம் குறைவாக இருந்தால், ஏற்கெனவே அங்கே நிற்கும் சாலை ஆம்புலன்ஸ் பெரும்பாலும் முந்திவிடும்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றும் ஒப்பீடு வேறொன்று. ஹெலிகாப்டர் வேண்டும் என்று அழைக்கப்பட்டும், பழுதுபார்ப்பு அல்லது வேறொரு அழைப்பு காரணமாக அது வர முடியாமல் சாலையில் வந்தவர்கள் உங்கள் பதிவுகளிலேயே இருப்பார்கள். இவர்களை ஹெலிகாப்டரில் வந்தவர்களோடு ஒப்பிடுங்கள்; இரு தரப்பையும் ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுத்திருப்பதால் வேறுபாடு ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கும். மழை, மூடுபனியால் பறக்காத நாட்களைத் தனியே பிரித்துவிடுங்கள், அன்று சாலைப் பயணமும் தாமதமாகும். ஹெலிகாப்டரில் மருத்துவர் வந்து, சாலை வாகனத்தில் வராதிருந்தால், கிடைத்த பயன் வேகத்தாலா மருத்துவராலா என்ற கேள்வி எஞ்சும். மருத்துவரைச் சாலை வாகனத்திலும் அனுப்பலாம் என்பதால் நிர்வாகத்துக்கு இது முக்கியம்.

ஹெலிகாப்டரில் வந்து 24 மணி நேரத்துக்குள் வீடு திரும்பியவர்களையும் எண்ணுங்கள். அந்தப் பங்கு பெரிதாக இருந்தால், குறை ஹெலிகாப்டரில் இல்லை, யாருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் விதியில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி இப்போதே எழுதலாம். இறப்பைப் பற்றி எழுத ஓராண்டுப் பதிவுகள் போதா.