புது சைக்கிள் கிடைக்காத நேரத்தில் பழைய மவுண்டன் பைக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: கடையில் ஸ்டாக் இல்லை, ஆர்டர் கொடுத்தால் பல மாதம் ஆகும் என்கிறார்கள், ஆன்லைனில் மூன்று வருடம் ஓட்டிய மவுண்டன் பைக்குக்கு அன்று வாங்கிய விலையையே கேட்கிறார்கள். 2021இல் நடந்த மாதிரி இனி ஒரு தட்டுப்பாடு வந்தால் எது நியாயமான விலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவர் அவ்வளவு அதிகம் கேட்பது அநியாயமா?

நான் கனடாவில், டொரொண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2020, 2021 இரண்டு கோடையிலும் கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பிங்க்பைக் என்று பழைய சைக்கிள் விளம்பரம் வரும் மூன்று தளங்களையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்களுக்காகவும் அக்கா மகனுக்காகவும் நிறைய சைக்கிள்களை நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விற்பவர் கேட்கும் ஒரு தொகைக்குள் இரண்டு தொகை இருக்கிறது. ஒன்று சைக்கிளின் விலை, இன்னொன்று தட்டுப்பாட்டின் விலை. சைக்கிளின் விலை உங்களுக்கு ஓரளவு திரும்பக் கிடைக்கும். தட்டுப்பாட்டின் விலை போனால் போனதுதான். இரண்டையும் பிரித்து எழுதிப் பார்க்காமல் "அதிகமா, குறைவா" என்று யோசித்தால் தலைதான் வலிக்கும்.

முதலில் ஏன் தட்டுப்பாடு வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் விலைக் கணக்கில் அது நேரடியாக வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஜிம்மை மூடினார்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற ஜனங்கள் பயந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சைக்கிள் கடைக்குப் போனார்கள். முதலில் காலியானது ஆரம்ப நிலை, நடுத்தர விலை சைக்கிள்கள்தான். மறு பக்கம், உலகத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் ஃப்ரேமில் ஒட்டியிருந்தாலும் கியர், பிரேக் பெரும்பாலும் ஷிமானோ அல்லது ஸ்ராம் இரண்டில் ஒன்று. 2021 நடுவில் மலேசியாவில் ஊரடங்கு வந்தபோது அங்கே இருந்த ஷிமானோ ஆலையின் உற்பத்தியும் அடிபட்டது. கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. தைவானில் ஃப்ரேம் தயாராகி நின்றாலும் கியரை மாற்றும் ஒரு டெரெய்லர் வராததால் முழு சைக்கிள் வெளியே வராத நிலை. இதில் கவனிக்க வேண்டியது, தட்டுப்பாடு முழு சைக்கிளுக்கு மட்டும் இல்லை, உதிரி பாகத்துக்கும்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். விற்பவர் எத்தனைக்கு வாங்கினார் என்பதில் ஆரம்பிக்காதீர்கள். அதே தரத்தில் இன்று புதிது வந்தால் பட்டியல் விலை என்ன என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள், ஸ்டாக் இல்லாவிட்டாலும் விலை போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஒரு நல்ல ஹார்ட்டெயில், 2018இல் 2000 டாலருக்கு வாங்கியது, அதற்குச் சமமானது 2021இல் 2300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கடையில் வாங்கினால் 13 சதவீத வரி உண்டு, அதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2600. தனி ஆளிடம் வாங்கும் பழைய சைக்கிளுக்கு அந்த வரி இல்லை. இந்த 2600தான் கூரை, அதாவது மேல் எல்லை. காத்திருக்கத் தயாராக இருந்தால் யாருக்கும் இந்தத் தொகைக்குப் புதிது கிடைக்கும், அதுவும் வாரண்டியோடு. அதனால் பழையதற்கு இந்தக் கூரையை நெருங்கிக்கூடக் கொடுக்கக் கூடாது என்பேன்.

தரை, அதாவது தட்டுப்பாடு இல்லாத காலத்து விலை, எங்கே? என் கணக்கு: சாதாரண காலத்தில் முதல் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அப்புறம் வருடத்துக்கு பத்து, பதினைந்து சதவீதம். ஒழுங்காகப் பராமரித்த மூன்று வருட சைக்கிள் புது விலையில் ஏறக்குறைய பாதி. இங்கே 1150. இது ஒழுங்காகப் பராமரித்திருந்தால் மட்டும். செயினும் பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்திருந்தால், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு சர்வீஸ் பார்க்கவே இல்லை என்றால், டயர் வழுக்கையாக இருந்தால், அந்த வேலைக்கெல்லாம் 350 டாலர் ஆகும் என்று வைத்தால் தரை 800க்கு இறங்கிவிடும். அவர் கேட்பது 2000. ஆக நீங்கள் தட்டுப்பாட்டுக்கு மட்டும் 1200 டாலர் கொடுக்கிறீர்கள்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த 1200க்கு எனக்கு என்ன கிடைக்கிறது? கிடைப்பது ஒரு சீசன். எங்கள் பக்கம் ஏப்ரல் கடைசியில் பாதை காய்ந்து, நவம்பரில் முடிந்துவிடும். அந்த ஒரு கோடையில் நீங்கள் டான் பள்ளத்தாக்கிலோ டர்ஹம் காட்டிலோ வாரம் தவறாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எவ்வளவு மதிப்பு என்று தெரிய, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று உள்ளூர்க் கடையில் கேட்டு, உண்மையிலேயே எத்தனை நாள் ஓட்டுவீர்களோ அதனால் பெருக்குங்கள். ஆசையில் கணக்குப் போடாதீர்கள், சென்ற வருடம் எத்தனை நாள் வெளியே போனீர்கள் என்று பாருங்கள். இந்த உதாரணத்தில் நானாக இருந்தால் 600 வரை தட்டுப்பாட்டுக்குக் கொடுப்பேன், மொத்தம் 1400க்கு மேல் போகமாட்டேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் மேலே போனால் அதுவும் நியாயமே. மாதம் ஒரு தடவை பூங்காவில் சுற்றுபவர் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

"அதே விலைக்கு அடுத்த வருடம் விற்றுவிடலாம்" என்று சொல்பவர்களை அப்போது தினமும் பார்த்தேன். இந்த எண்ணம்தான் ரொம்ப ஆபத்து. தட்டுப்பாடு மெதுவாகக் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடைகள் எல்லாம் பயத்தில் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டிருந்தன, எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. 2023இல் கிடங்குகள் நிரம்பி வழிந்தன, புது சைக்கிளையே பெரிய தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள், பிரிட்டனில் விக்கிள் மாதிரிப் பெரிய ஆன்லைன் கடையே 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. உச்ச விலையில் பழையதை வாங்கியவர்கள் அந்த நேரத்தில் விற்கப் போனால், புதிதே அந்த விலைக்குக் கிடைக்கும்போது யார் வாங்குவார்?

விளம்பரத்தில் பார்க்கும் விலையை வைத்து மார்க்கெட் விலை என்று முடிவு கட்டாதீர்கள். அது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. ஒரு இரண்டு வாரம் வாங்காமல் சும்மா பார்த்துக் குறித்து வையுங்கள். போட்ட அன்றைக்கே காணாமல் போகும் விளம்பரத்தின் விலை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்து, நடுவில் ஒருமுறை விலை குறைத்து, மறுபடியும் கிடப்பது விற்பவரின் ஆசை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், அது இன்னும் நம்பகமானது.

உதிரி பாகம் பற்றிச் சொன்னேன் அல்லவா, இங்கேதான் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். தட்டுப்பாட்டில் எல்லா சைக்கிளின் விலையும் ஏறும்போது, தேய்ந்த சைக்கிளின் விலையும் சேர்ந்து ஏறிவிடுகிறது. ஆனால் நியாயமாக அதன் விலை இறங்க வேண்டும். சாதாரண நாளில் செயின் தேய்ந்திருந்தால் நாளைக்கே புதிது வாங்கி மாட்டலாம். 2021இல் 12 கியர் காஸெட்டுக்கு, அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதிக்கு, பல கடைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்தது இந்தக் கோடையில் ஓட்டுவதற்காக, சைக்கிளோ பாகம் வராமல் கராஜில் தொங்குகிறது என்றால் அந்தப் பணம் எதற்கு? அதனால் தேய்மானத்துக்குப் பாகத்தின் விலையை மட்டும் கழிக்காதீர்கள், காத்திருக்கும் மாதங்களையும் கழியுங்கள். செயின் அளக்கும் கருவி மலிவுதான், பையில் வைத்துக்கொண்டு போங்கள். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தாலே மாற்ற வேண்டியது, அதைத் தாண்டி ஓட்டியிருந்தால் காஸெட்டும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மார்க்கம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் பார்க்கப் போனோம். கழுவித் துடைத்து, ஃப்ரேம் பளபள என்று இருந்தது. சீட்டைப் பிடித்து மெதுவாக ஒரு விரல்கடை தூக்கினேன். பின் சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால் நடுவில் 'டொக்' என்று ஒரு ஆட்டம். ஃப்ரேமின் பின்பகுதி மடங்கும் மூட்டில் உள்ள பேரிங்கோ, பின்பக்க சஸ்பென்ஷனான ஷாக்கைப் பிடிக்கும் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஃபோர்க்கின் மேல் குழாயில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன், ஓர் இடத்தில் நகம் மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் வழியாக எண்ணெய் கசியும், சீல் கெடும். ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் வாங்கிய நாளிலிருந்து செய்ததில்லை, செய்ய வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. "அண்ணா, இந்த ஆட்டத்தை நீங்களே பிடித்துப் பாருங்கள்" என்று காட்டினோம், அவரே விலையைக் குறைத்துக்கொண்டார். குறையைக் கையால் தொட்டுக் காட்டி, அதற்கு இன்ன தொகை என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். "கடைசி விலை என்ன?" என்று மெசேஜில் கேட்டால் பதிலே வராது.

வயது விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். 26 இஞ்ச் சக்கரம், பின்பக்கம் பழைய 135 மில்லிமீட்டர் அச்சு, ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் மேலும் கீழும் ஒரே தடிமன் உள்ள ஃபோர்க் குழாய், இதெல்லாம் உள்ள சைக்கிளை ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நல்ல ஃபோர்க்கும் சக்கரமும் தேடுவது சாதாரண காலத்திலேயே கஷ்டம். 2015 வாக்கில் பின் அச்சு 148 மில்லிமீட்டருக்கு மாறத் தொடங்கியது, அதற்கு முந்தையவற்றுக்குத் தட்டுப்பாட்டு விலை கொடுக்காதீர்கள். பல்பொருள் கடைகளில் விற்கும், பார்க்க மட்டும் மவுண்டன் பைக் மாதிரி இருக்கும் சைக்கிளுக்கும் அதே பதில்தான். உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத சைஸை "கிடைத்ததே பெரிது" என்று வாங்குவதும் வேண்டாம், முதுகு வலிதான் மிச்சம்.

இன்னொன்று, டிரெக், ஸ்பெஷலைஸ்ட், ஜயன்ட் போன்றவை ஃப்ரேமுக்குத் தரும் ஆயுள் வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும். கை மாறினால் அந்த ஆயுள் வாரண்டி போச்சு. கார்பன் ஃப்ரேம் என்றால் இதற்காகவே நான் தரை விலையில் இன்னும் நன்றாகக் குறைப்பேன்.

விற்பவர் அதிகம் கேட்பது அநியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விற்றுவிட்டு அவரும் இதே சந்தையில்தான் இன்னொன்று வாங்க வேண்டும், அதனால் கூடக் கேட்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். குறையை மறைப்பதுதான் அநியாயம். திருட்டு சைக்கிளை விற்பது அதைவிடப் பெரிய அநியாயம், புது சைக்கிளுக்குப் பஞ்சம் வந்தால் பூட்டை அறுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். பெரும்பாலும் இரண்டு பெடல் கைகளும் சேரும் இடத்துக்கு அடியில் ஃப்ரேமில் சீரியல் எண் இருக்கும், திருட்டு சைக்கிள்களைப் பதிவு செய்யும் பைக் இண்டெக்ஸ், 529 கராஜ் இரண்டு தளங்களிலும் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அவசரம் இல்லை என்றால், உள்ளூர்க் கடையில் முன்பணம் கட்டிப் புதிதுக்கு வரிசையில் நின்றுகொண்டே பழையதையும் தேடுங்கள். அக்டோபர், நவம்பரில் தேடுவது ஏப்ரலில் தேடுவதை விட எப்போதும் லாபம், 2021இலும் அப்படித்தான் இருந்தது. நீங்கள் பார்த்து வைக்கும் எந்த சைக்கிளுக்கும், கிளம்பிப் போவதற்கு முன்னால் நான்கு படம் கேளுங்கள்: காஸெட் பக்கத்தில் எடுத்தது, ஃபோர்க்கின் மேல் குழாய், சீரியல் எண், வாங்கிய ரசீது. ரசீது தொலைந்துபோயிருக்கலாம், அது சகஜம். மற்ற மூன்றையும் அனுப்பத் தயங்குபவருக்காக எரிபொருளைச் செலவழிக்காமல் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.