54 மி.மீ. போலந்து லான்சர் உருவத்தில் கிரிம்சன் ஏன் பிங்க் ஆகிவிடுகிறது?

வெள்ளை கலக்கிறீர்கள், அதனால்தான். நெப்போலியன் காவற்படையின் போலந்து லான்சர், அதாவது ஈட்டிக் குதிரைவீரனின் 54 மி.மீ. உயரச் சிறு உருவத்தில், துணி மடிப்புகளின் மேடுகளுக்கு வெளிர் நிறம் பூசி வெளிச்சம் ஏற்றினால் கிரிம்சன் பிங்க் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உருவம் வெள்ளை உலோகம், பெயிண்ட் அக்ரிலிக் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1807-ல் உருவான இந்த ரெஜிமென்ட்டுக்குச் சட்டை கருநீலம். மார்பு மடிப்பும் சதுரத் தொப்பியின் மேல்பாகமும் கிரிம்சன். பீட்ரூட் சாறு மாதிரி, நீலம் ஓடும் சிவப்பு அது. சிவப்புச் சட்டையில் நீல மார்பு இருந்தால் அது 1810-ல் காவற்படையில் சேர்ந்த டச்சு ரெஜிமென்ட். நீலச் சட்டையில் மஞ்சள் மார்பு என்றால் விஸ்துலா லான்சர்கள், காவற்படையில் சேராத வேறொரு போலந்துப் படை. பெட்டிப் படத்தை நம்பி மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிவப்பு அக்ரிலிக் மூடும் திறன் குறைந்தது. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் நேரடியாக அடித்தால் நான்கு கோட் ஆனாலும் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். முதலில் அந்த இடத்துக்குச் செம்பழுப்பு ஒரு கோட் கொடுங்கள். அதன் மேல் மூன்று பங்கு கார்மைனுக்கு (நீலம் ஓடும் சிவப்புப் பெயிண்ட்) ஒரு பங்கு கருஞ்சிவப்பு கலந்து, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு கோட்டும் முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று கோட். நிழலுக்கு அதே கலவையில் கரும் பிரஷ்யன் நீலம் ஒரு பொட்டு. கறுப்பு வேண்டாம், நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். வெளிச்சத்துக்கு வெறும் கார்மைன். அடுத்து நான்கு பங்கு கார்மைனுக்கு ஒரு பங்கு தோல்நிறம். விளிம்பில் மட்டும் இரண்டுக்கு ஒன்று. ஆரஞ்சு கலந்தால் பிங்க் வராது, உண்மைதான். ஆனால் கிரிம்சன் போய் டச்சுக்காரர் சிவப்பு வந்துவிடும்.

தொப்பியின் மேல்பாகம் வரிவரியாக மடித்த துணி. பள்ளங்களில் நிழல் கலவையை நூல் போல இழுத்து, மேடுகளை பிரஷின் பக்கவாட்டால் லேசாகத் தொட்டால் போதும். மார்பு மடிப்பைச் சுற்றிய வெள்ளைக் கரையை மெல்லிசாக வரையப் போராட வேண்டாம். முதலில் வெளிர் சாம்பலில் தாராளமாக இழுத்து, கருநீலத்தாலும் கிரிம்சனாலும் இரு பக்கமும் அரித்துக்கொண்டே வாருங்கள். மெல்லிசான பிறகு மேல்முனைகளில் மட்டும் வெள்ளை.

இதற்கு 000 எண் மிகச் சிறிய பிரஷ் உதவாது. நுனிக்குப் போகும் முன்பே பெயிண்ட் காய்ந்துவிடும். கூரான நுனியுள்ள 1-ம் எண் கோலின்ஸ்கி (விலங்கு முடியில் செய்த பிரஷ்) வாங்குங்கள். அதிலும் இணையத்தில் கோலின்ஸ்கி என்று எழுதி நைலானை விற்கிறார்கள். இரண்டு வாரத்தில் நுனி கொக்கி போல வளைகிறது, திருப்பி அனுப்பினால் ‘பயன்படுத்திய பொருள்’ என்கிறார்கள். பயன்படுத்தாமல் நுனியை எப்படிச் சோதிப்பது? இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற பாதிப் பேரை விரட்டுவது இதுதான்.

ஆயில் பெயிண்ட்டில் இதெல்லாம் சுலபம் என்று சிலர் வருவார்கள். நிறம் கலப்பதில் சுலபம்தான், மறுக்கவில்லை. கேள்வி அக்ரிலிக்கைப் பற்றியது. அசல் சாயமே வெயிலில் வெளுக்கும் என்பாரும் உண்டு. போர்க்களத்து வீரனாகச் செய்தால் முழு உடுப்பையும் சேர்த்து மங்கலாக்குங்கள், கிரிம்சனை மட்டும் அல்ல.

ஈட்டி விஷயம் முக்கியம். 1808 நவம்பர் 30 அன்று சோமோசியேரா கணவாயில் ஸ்பானியப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தபோது இவர்கள் கையில் ஈட்டி இல்லை, வாள்தான். ஈட்டி 1809-ல் வந்தது. அடித்தட்டில் ‘சோமோசியேரா’ என்று எழுதப்போகிறீர்கள் என்றால் ஈட்டியைக் கழற்றிவிடுங்கள். பிற்கால வீரன் என்றால் வார்ப்பு ஈட்டி வளையும், 1 மி.மீ. பித்தளைக் கம்பியை ஏறத்தாழ 9 செ.மீ. நீளத்துக்கு வெட்டி மாற்றலாம். கொடி மேலே கிரிம்சன், கீழே வெள்ளை.