ஊதா நிறக் கூரை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பண்டிகைக்கால அலங்காரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எங்கள் வீட்டில் மாமியார் தொடங்கிவைத்த பழக்கம் ஒன்று உண்டு. டிசம்பர் பிறந்ததும் வண்ணம் பூசாத வெள்ளைப் பீங்கான் வீடுகளை வாங்கி வருவோம், ஆளுக்கு ஒன்று. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீட்டி, உள்ளே பல்பு வைத்து, அலமாரி மேல் பஞ்சு விரித்து ஒரு கிராமமாக அடுக்குவோம். மாமியார் இப்போது இல்லை. நான்தான் விடாமல் நடத்துகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு என் 6 வயது மகள் தன் வீட்டுக்கு ஊதா நிறத்தில் கூரை போட்டாள். சன்னல் எது, சுவர் எது என்றே தெரியாதபடி ஒரே தீற்றல். அவள் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து கொஞ்சம் சரிசெய்தேன். காலையில் பார்த்துவிட்டு, "இது என் வீடு இல்லை" என்று சொல்லிவிட்டாள். இந்த வருடம் வரமாட்டாளாம். மூத்தவனுக்கு 15 வயது. இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட்டான். நாத்தனாரோ, வண்ணம் பூசியே விற்கிறார்களே, எதற்கு இந்தப் பாடு என்கிறார். இன்னொன்று: மாமியார் தீட்டிய தேவாலயம் மங்கிப்போய்விட்டது, கூரை ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அதே நிறத்தில் மறுபடி தீட்டிவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகள் சொன்னது சரிதான். அது இப்போது அவள் வீடு இல்லை.

அந்த வெள்ளை வீடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அவள் கோபம் இன்னும் புரியும். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரை இழுத்துக்கொள்ள, அச்சின் உட்புறத்தை ஒட்டி மண் கெட்டியாகிப் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே கூடான ஒரு வீடு நிற்கும். சன்னல்களைக் கத்தியால் அறுத்தெடுத்து, அச்சு சேர்ந்த இடத்துத் தழும்பைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, ஆயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூட்டில் சூளையில் வைப்பார்கள். வெளியே வருவதுதான் நீங்கள் வாங்கும் வெள்ளை வீடு. தொழிலில் இருப்பவர்கள் பிஸ்க் என்பார்கள். மெருகு ஏறாத பீங்கான். நாக்கு நுனியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தாகம் அதற்கு.

அதனால் தூரிகை தொட்ட கணத்திலேயே வண்ணத்தில் இருக்கும் தண்ணீரை அது குடித்துவிடுகிறது. தாளிலோ கண்ணாடியிலோ ஈர வண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம், துடைக்கலாம். இங்கே வைத்தது வைத்ததுதான். ஆறு வயதுக் கை எங்கே அழுத்தியது, எங்கே வண்ணம் தீர்ந்து வறட்டுக் கோடாக இழுபட்டது, எந்தச் சன்னலை நடுவில் மறந்தது, எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதன்மேல் நீங்கள் ஒரு பூச்சு போட்டால் கீழே இருப்பதை மீட்க வழியில்லை. அக்ரிலிக் வண்ணம் காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. கரைப்பான் வைத்துத் தேய்த்தால் இரண்டு பூச்சும் சேர்ந்தேதான் போகும்.

ஆகவே பழையதை மீட்கப் பார்க்காதீர்கள். வீட்டை அவளிடமே கொடுத்து, "நான் உன் வீட்டில் கை வைத்திருக்கக் கூடாது, நீயே மேலே தீட்டிக்கொள்" என்று சொல்லிவிடுங்கள். பழையபடி ஊதாவே போடுவாளா, இந்த வருடம் ஆரஞ்சில் இறங்குவாளா, அது அவள் பாடு.

இப்படிச் சொன்னால், பெரியவர்கள் சும்மா கைகட்டி உட்கார வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் வேலை அவள் தொடங்குவதற்கு முன்னாலும் முடித்த பின்னாலும் இருக்கிறது. முதலில் ஈர ஸ்பாஞ்சால் வீட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். பிஸ்க்கின் மேல் மெல்லிய மண்தூசி இருக்கும். அதன்மேல் வண்ணம் பிடிக்காது, பிறகு செதில் செதிலாகப் பெயரும். வீட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நுணுக்கமான செங்கல் வரிசையும் கொடிகளும் உள்ள வீட்டைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கோட்டுக்குள் அடி என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அகலமான சுவரும் பெரிய கூரையும் கொண்ட வீடாகக் கொடுங்கள், தட்டைத் தூரிகையும் கொடுங்கள். குழந்தையின் தீற்றல் அழுக்காகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் மெல்லிய தூரிகைதான் என்பது என் எண்ணம்.

செங்கல் வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் திருத்தும் கைக்கும் ஒரு வேலை வேண்டுமே. சுவர் முழுக்க அழுத்தமான செம்பழுப்பைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு வெளிர் ஆரஞ்சு வண்ணத்தில் தூரிகையைத் தொட்டு, ஒரு பழைய துணியில் துடைதுடையென்று துடையுங்கள், இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும் வரை. அந்த வறண்ட தூரிகையைச் சுவர்மேல் படுக்கவைத்து லேசாக இழுத்தால் செங்கற்களின் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் பிடிக்கும், இடுக்குகள் இருட்டாகவே நிற்கும். சட்டென்று ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து வரும். கூரைக்கு இதற்கு நேரெதிர்: நீர்த்த கரும்பழுப்பை எல்லா இடத்திலும் தடவி, அது காய்வதற்குள் ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் ஓட்டுப் பள்ளங்களில் மட்டும் தங்கும். முன்பே பூசிய வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் இது சரியாக வரும். பனியை எப்போதும் கடைசியில் வையுங்கள். குழைவான பனிப் பசை என்றே கிடைக்கிறது. கூரை விளிம்பில் கொஞ்சம் தொங்கவிட்டால் போதும். ஊரையே பனியில் மூழ்கடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மகன் விஷயம். 15 வயதுப் பையனைத் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். விளக்கு வேலையை அவனிடம் விடுங்கள், முழுப் பொறுப்பாக. மேசைமேல் கிராமம் அடுக்குகிறவர்கள் அதிகம் அவதிப்படுவது வண்ணத்தால் அல்ல, ஒயரால். வீட்டுக்கு ஒரு ஒயர் பின்னால் தொங்கினால் அது கிராமம் இல்லை, மின்வாரியக் கிடங்கு. எல்லா வீட்டையும் ஒரே இணைப்பில் கோக்க வேண்டும், எடுத்து வைக்கும்போது சிக்காமல் இருக்க வேண்டும். பழைய இழை பல்புகள் சின்னதாக இருந்தாலும் நன்றாகச் சூடாகும், கீழே விரித்திருப்பதோ பஞ்சு. எல்.இ.டி.க்கு மாற்றிவிடச் சொல்லுங்கள், இளமஞ்சள் ஒளி தருவதாகப் பார்த்து. சன்னல்களுக்கு உட்புறமாக ட்ரேஸிங் பேப்பர் ஒட்டினால் பல்பு நேராகக் கண்ணில் குத்தாது, அறை முழுக்க வெளிச்சம் இருப்பதுபோல் தெரியும். இதையெல்லாம் யோசித்துச் செய்கிறவன் மேசைக்கு வந்தவன்தான். தூரிகையைத் தொடவில்லை என்று குறை சொல்ல வேண்டாம்.

நாத்தனார் சொல்வதில் தப்பில்லை. கடை வீடும் கை வீடும் இந்தப் பழக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே கலந்துதான் வந்திருக்கின்றன. 1741-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரை நிறுவிய மொராவியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றிப் பாசியும் கல்லும் வைத்து ஒரு நிலப்பரப்பையே கையால் அமைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, பின்பக்கம் பல்புக்கு ஓட்டை விட்ட சின்ன அட்டை வீடுகள் ஜப்பானிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்குக் குவியல் குவியலாக வந்தன. மரத்தடியில் கிராமம் வைப்பது அப்போது எளிய வீடுகளுக்கும் பரவியது. போருக்குப் பிறகு பீங்கானை வார்த்துத் தாங்களே தீட்டுவது அங்கே பெரிய பொழுதுபோக்கானது. 1976-இல் டிபார்ட்மென்ட் 56 என்ற நிறுவனம் உள்ளே விளக்கு எரியும் 6 பீங்கான் கட்டடங்களை விற்பனைக்குக் கொண்டுவர, வண்ணம் பூசிய வீடுகளைச் சேகரிப்பது தனி மோகமாக வளர்ந்தது. எனவே இரண்டொன்று வாங்கி நடுவே வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அழகில் அவைதான் ஜெயிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாமே வாங்கியதாக ஆகிவிட்டால் டிசம்பரில் உங்களுக்கு அடுக்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும், அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பூச்சுக்குப் பூச்சு காயக் காத்திருக்கும் நேரத்தில்தானே உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது?

கடைசியாக மாமியாரின் தேவாலயம். தீட்டாதீர்கள். முதலில் அது எப்படித் தீட்டப்பட்டது என்று பாருங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் மெருகு பூசி இரண்டாம் முறை சுட்டது. அந்த நிறம் எளிதில் போகாது, மங்கல் என்று நீங்கள் நினைப்பது வெறும் புகையும் தூசியுமாக இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் தெரிந்துவிடும். பளபளப்பில்லாமல் சொரசொரவென்று இருந்தால் சுடாத வண்ணம். அதற்குத் தண்ணீர் வேண்டாம், மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். வெயில் படும் அலமாரியாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். சில்லு பெயர்ந்த இடத்தில் வெள்ளை உறுத்தினால் அந்தப் பொட்டில் மட்டும் நிறம் வைக்கலாம், அதைத் தாண்டி ஒரு நூல்கூடப் போக வேண்டாம். எடுத்து வைக்கும்போது பல்பைக் கழற்றிவிட்டு, அச்சடிக்காத மெல்லிய தாளில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை சுடாத வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று. எல்லா வீட்டையும் ஒருமுறை கவிழ்த்து அடியைப் பாருங்கள். பெயரும் வருடமும் இல்லாதவை நிச்சயம் இருக்கும். எது யார் தீட்டியது என்று உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் இப்போது ஞாபகம் இருக்கும். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, பென்சிலாலேயே எழுதிவிடுங்கள். பிஸ்க்கில் பென்சில் நன்றாகப் பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா